ஆட்டக்காரர் வீட்டில் கை ஓங்கினால்

மனைவியை அடித்த ஆட்டக்காரரைப் போலீசாரும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்குச் சம்பளம் தரும் விளையாட்டு ஸ்தாபனத்துக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவின் தேசியக் காற்பந்து லீக்கும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படியே நடந்து வந்தது. (அந்நாட்டார் காற்பந்து என்பது நம் திடல்களில் ஆடப்படுவதன்று; முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம்.) 2014-ஆம் ஆண்டின் ஒரு விவகாரம் அந்தப் போக்கை உலுக்கிற்று.

பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் பெயர்பெற்ற ஆட்டக்காரர் ரே ரைஸ். அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டி நகரின் ஹோட்டல் ஒன்றில், லிப்டினுள் தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணை அடித்து மூர்ச்சையாக்கினார். நினைவிழந்த அப்பெண்ணை அவர் வெளியே இழுத்து வரும் படம் சில நாட்களிலேயே ஊரறிய வெளியாயிற்று. கையால் அடித்தார் என்பது போலீசாரின் குற்றப் பத்திரத்திலும் இருந்தது.

ஜூன் மாதத்தில் லீக்கின் கமிஷனர் ரோஜர் குடெல் விசாரணை நடத்தினார். அதற்குள் ரைஸுக்கு மனைவியாகிவிட்ட அப்பெண்ணையும் கணவருடன் அதே அறையில் அமர்த்தியே விசாரித்தார். அடித்தவர் அருகில் இருக்க, அடிபட்டவர் எதை மனம் திறந்து சொல்வார்? ஜூலை 24-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: இரண்டே ஆட்டங்களுக்குத் தடை. அதே கோடையில் கஞ்சா விவகாரத்தில் ஜாஷ் கார்டன் என்ற ஆட்டக்காரருக்கு ஓராண்டுத் தடை உறுதி செய்யப்பட்டது. அது பின்னர் 10 ஆட்டங்களாகக் குறைந்தது வேறு விஷயம். ஜனங்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கொதித்தார்கள். ஆகஸ்டு 28-ஆம் தேதி கமிஷனர் தம் தவற்றை ஒப்புக்கொண்டு புதிய விதி வகுத்தார்: முதற்குற்றத்துக்கு 6 ஆட்டங்கள், மறுமுறை செய்தால் லீக்கிலிருந்தே நீக்கம், ஓராண்டு கழித்துத் திரும்பிவர மனுச் செய்யலாம்.

செப்டம்பர் 8-ஆம் தேதி லிப்டுக்கு உள்ளே எடுத்த படமும் வெளிவந்தது. அன்றைக்கே அணி அவரை விலக்கிற்று. லீக் காலவரையறையின்றித் தடை போட்டது. இந்தப் படம் புதிதாக என்ன சொல்லிற்று? செய்தியில் மாற்றமில்லை, நாட்டார் அதைக் கண்ணால் கண்டார்கள் என்பதுதான் மாற்றம். ரைஸ் முறையிட்டார். முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் நவம்பர் 28-ஆம் தேதி, அவர் கமிஷனரிடம் எதையும் மறைக்கவில்லை, ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கலாகாது என்று கூறித் தடையை ரத்துச் செய்தார். நியாயமான தீர்ப்பு என்றே நாம் கருதுகிறோம். தொடக்கத்திலேயே உரிய தண்டனை கொடுத்திருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திராது. ஆயினும் எந்த அணியும் ரைஸை மீண்டும் களமிறக்கவில்லை.

ஏட்டில் 6 ஆட்டங்கள் என்று எழுதியது போதுமா? 2016-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் ஜாஷ் பிரௌனுக்கு மனைவியிடம் நடந்துகொண்ட விதத்துக்காக ஒரே ஓர் ஆட்டத் தடைதான் கிடைத்தது. மனைவி விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்றது லீக். அக்டோபரில் போலீசார் வெளியிட்ட ஆவணங்களில், மனைவியைத் துன்புறுத்தியதை அவரே தம் கைப்பட எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. அணி உடனே அவரை நீக்கிற்று. இங்கும் ஊரார் கண்ணில் பட்ட பிறகே நடவடிக்கை!

மனைவி ஏன் பேசாதிருக்கிறாள்? தடை விழுந்தால் கணவனின் சம்பளம் நிற்கும். பிள்ளைகளின் சோறும் அதிலிருந்துதான் வருகிறது. அண்டை வீட்டாருக்கும் இது புரியும், பெரிய விசாரணை அதிகாரிகளுக்குத்தான் எளிதில் புரிவதில்லை. அந்நாட்டுப் பேஸ்பால் லீக் 2015 ஆகஸ்டில் ஆட்டக்காரர் சங்கத்துடன் கலந்து வகுத்த விதி இதைச் சிறிது எண்ணிப் பார்த்திருக்கிறது. தண்டனைக்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. போலீஸ் வழக்கே இல்லாதபோதும் 2016 மார்ச்சில் அரோல்டிஸ் சாப்மன் 30 ஆட்டங்கள் தடைபெற்றார். விசாரணை நடக்கும்போதோ, ஆட்டக்காரரைச் சம்பளத்துடனேயே சில நாட்கள் ஒதுக்கி வைக்கலாம். வாய் திறந்த மறுநாளே அந்த வீட்டில் அடுப்பு அணைவதில்லை.