குருத்தணு ஆராய்ச்சியில் புகும் தம்பிக்கு



குருத்தணு வளர்ப்பு ஆய்வகத்தில் நீ சேர்ந்திருப்பதையும், ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் அவ்வணுக்களின் வேறுபாட்டை, அதாவது அவை தனித்தனி வகை அணுக்களாக மாறுவதை, எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதை ஆராய எண்ணியிருப்பதையும் உன் கடிதத்தால் அறிந்து மிகவும் சந்தோஷமடைந்தேன். ஆனால், அந்த அழுத்தம் என்னும் விஷத்தை அணுக்களிலிருந்து அடியோடு ஒழிப்பதே உன் லட்சியம் என்று நீ எழுதியிருந்தது என் மனத்தை உறுத்தியது. விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பை எழுதிவிடுவது விஞ்ஞான தர்மம் ஆகாது.

நீ அப்படி நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏ.டி.எம். என்னும் மரபணு இல்லாத எலிகளின் ரத்தக் குருத்தணுக்கள், அவ்வழுத்தத்தை விளைவிக்கும் ஆக்ஸிஜன் வினைப்பொருள்கள் உள்ளே மிகுதியாகச் சேர்வதால் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிடுகின்றன என்றும், என்-அசெட்டில் சிஸ்டீன் என்னும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்புப் பொருளைக் கொடுத்தால் அவ்வாற்றல் மீள்கிறது என்றும் ஜப்பானில் தோஷியோ சூடாவின் குழுவினர் 2004இல் காட்டினார்கள். ஆனால் 2009இல் உத்பல் பானர்ஜியும் அவருடைய சகாவும் பழ ஈயின் புழுப் பருவத்தில் கண்டது வேறு. அங்கே ரத்த முன்னோடி அணுக்களில் அவ்வினைப்பொருள்கள் நோயின் விளைவாக அல்லாமல் வளர்ச்சியின் இயல்பான நியதியாகவே உயர்ந்திருந்தன; அவற்றைத் துடைத்தெடுத்தபோது வேறுபாடு தாமதமாயிற்று, கூட்டியபோது உரிய காலத்துக்கு முன்னமே நிகழ்ந்தது. மூளையின் குருத்தணுக்களிலோ, பெருகும் அணுக்களே அவற்றை அதிகமாகக் கொண்டிருப்பதாக 2011இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆக, ஒரே வகை மூலக்கூறு இடத்துக்கும் அளவுக்கும் காலத்துக்கும் ஏற்ப வெவ்வேறு ஆணைகளைப் பிறப்பிக்கிறது. ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்தை 1985இல் வரையறுத்த ஹெல்முட் சீஸே, பிற்காலத்தில், உடலுக்கு நன்மை பயக்கும் மிதமான அழுத்தம் ஒன்று, கேடு விளைக்கும் மிகையழுத்தம் ஒன்று என இரண்டாகப் பிரித்துப் பேசினார்.

இனி உன் பணிக்கூடத்துக்கு வருவோம். நீ சாதாரணமென்று கருதும் காற்றே உன் பரிசோதனையில் முதல் மருந்து. கடல்மட்டக் காற்றில் ஆக்ஸிஜனின் பகுதியழுத்தம் ஏறத்தாழ 160 மில்லிமீட்டர் பாதரசம். உயிருள்ள எலியின் எலும்பு மஜ்ஜையில் நேரே அளந்தபோது அது 32க்கும் கீழே இருந்ததாகவும், சில பகுதிகளில் 10ஐ ஒட்டி இறங்கியதாகவும் 2014இல் தெரியவந்தது. மறு ஆண்டில் ஹால் பிராக்ஸ்மையரின் குழுவினர், மஜ்ஜையையும் தொப்புள்கொடி ரத்தத்தையும் 3 சதவீத ஆக்ஸிஜனிலேயே சேகரித்துக் கையாண்டால் நீடித்து நிற்கும் குருத்தணுக்கள் அதிகமாகக் கிடைக்கின்றன என்றும், வெளிக்காற்று பட்ட மாத்திரத்திலேயே அவை குறைந்து முன்னோடி அணுக்கள் மிகுகின்றன என்றும் நிரூபித்தார்கள். ஆகையால், இன்குபேட்டரில் மட்டும் ஆக்ஸிஜனைக் குறைத்துவிட்டு, அணுக்களைப் பிரித்தெடுக்கும் மேஜையில் அதை மறந்துவிடுவாயானால் உன் சிரமமெல்லாம் வியர்த்தமாகும்.

கருவிகளிடத்திலும் பக்தி வேண்டாம். ஆக்ஸிஜன் வினைப்பொருள்களை அளக்க எல்லாரும் கையாளும் டி.சி.எஃப். சாயம் ஹைட்ரஜன் பெராக்ஸைடை மட்டும் காட்டுவதன்று. இரும்பும் பெராக்ஸிடேஸ் நொதிகளும் வெளிச்சமுங்கூட அதை ஒளிரச் செய்யும். அவ்வாறே, என்-அசெட்டில் சிஸ்டீனைச் சேர்த்ததால் ஒரு விளைவு மறைந்தது என்பதைக் கொண்டே அந்த விளைவுக்கு ஆக்ஸிஜன் வினைப்பொருளே காரணமென்று சாதிக்காதே; ஹைட்ரஜன் பெராக்ஸைடோடு நேரடியாக அது மிக மெதுவாகவே வினைபுரிகிறது, அன்றியும் குளூட்டாதையோனைப் பெருக்குவது முதலான வேறு காரியங்களும் அதற்கு உண்டு. பெராக்ஸைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியை அணுவுக்குள் மிகுவித்துப் பார். மரபணுவில் பொதிந்த உணரிகளால் அளந்து பார். கூட்டியும் குறைத்தும் இரு திசைகளிலும் சோதித்த பின்பே ஒரு முடிவைச் சொல். பெராக்ஸைடை வெளியிலிருந்து ஊற்றும்போது வளர்ப்பு ஊடகத்திலுள்ள பைருவேட் அதை விழுங்கிவிடும் என்பதையும், ஊற்றிய செறிவோடு அணுக்களின் எண்ணிக்கையையும் குறிப்பிடாத அளவு அரைகுறை அளவே என்பதையும் நினைவில் வை.

ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளால் குருத்தணுக்கள் இளமை பெறும் என்று விற்போர் பலர் இருக்கும் இக்காலத்தில், இப்பொருளைப் பற்றி நீ எழுதும் ஒவ்வொரு வரியும் நோயாளிகளின் நம்பிக்கையைத் தொடும். எனவே ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உன் முதல் கட்டுரையில், அணுக்களை உடலிலிருந்து எடுத்த கணம் முதல் அளந்த கணம் வரை அவை இருந்த ஆக்ஸிஜன் அளவு என்ன என்பதை மறைக்காமல் எழுது. அதை எழுதாத கட்டுரையை, அது யாருடையதானாலும், நம்பாதே.

இங்ஙனம்,
உன் நலம் விழையும்
மூத்த சகா