எக்ஸெல் பாடம்: சூரியக் கண்ணாடி எத்தனை ஆண்டு உழைக்கும்?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். கிளேஸ் பூசிய பீங்கான் ஓடு நாளடைவில் ஈரத்தை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அளவில் உப்பும். மேல்பூச்சு அதற்கு ஈடுகொடுக்காமல் மயிரிழை போல் வெடிக்கும். இதை அறிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியுமா? ஆகவே ஓட்டை ஆட்டோகிளேவ் கலனில் வைத்து, 159 டிகிரி நீராவியில் 2 மணி நேரம் சோதிக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 10545-11 என்ற தரமுறை சொல்வது இதைத்தான்.

சூரியக் கண்ணாடிகளுக்கும் இதே உத்திதான். 2002-ல் திருமலையில் அன்னதானச் சமையலுக்கு நீராவி தரும் சூரிய ஒளிக் குவிப்பான்கள் அமைக்கப்பட்டன. இத்தகைய கண்ணாடிகளின் பின்புற வெள்ளிப்பூச்சில் ஈரம் புகுந்தால் அது கறுக்கும், ஒளி குறையும். எனவே மாதிரித் துண்டுகளைச் சூடும் ஈரமும் மிக்க பெட்டியில் வைத்துச் சோதிப்பார்கள். சோதனை மணி நேரத்தை வெளியே உழைக்கும் ஆண்டாக மாற்றுவது எப்படி? எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள்.

பெட்டியில் 85 டிகிரி, வெளியே சராசரி 35 டிகிரி, கண்ணாடி 1000 மணி நேரம் தாங்கியது என்று வைத்துக் கொள்வோம். 10 டிகிரி கூடினால் ரசாயன மாற்றம் சுமார் 2 மடங்கு வேகமாகும் என்பது பொதுவான தோராய விதி.

1. ஒரு செல்லில் கீழே உள்ளதை டைப் செய்து என்டர் தட்டுங்கள். (^ குறிக்கு ஷிஃப்ட்டுடன் 6.)

=1000*2^((85-35)/10)/(24*365)

விடை 3.65 ஆண்டுகள்.

2. அதே செல்லில் எஃப்2 கீயை அழுத்தி, ^ குறிக்கு முன்னுள்ள 2-ஐ மட்டும் 2.5 ஆக்குங்கள். விடை 11.15.

3. இப்போது 3 ஆக்குங்கள். விடை 27.74!

பார்த்தீர்களா? சோதனை ஒன்றே, ஆயுள் மட்டும் ஏழரை மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. "25 ஆண்டு உழைக்கும்" என்று விற்பவர் சொன்னால், எந்த எண்ணைப் போட்டுக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள்.

அந்த எண்ணை ஊகிக்க வேண்டியதில்லை; அளக்கலாம். ஒரே வகைக் கண்ணாடியை இரு வெப்பநிலைகளில் சோதிக்க வேண்டும். 65 டிகிரியில் 4000 மணி நேரத்திலும், 85 டிகிரியில் 1000 மணி நேரத்திலும் கெட்டது என்றால்,

=(4000/1000)^(10/(85-65))

விடை 2. இதுவே அந்தக் கண்ணாடிக்கு உரிய எண்.

ஒரு எச்சரிக்கை. நாம் கணக்கிட்டது வெப்பத்தை மட்டும். புற ஊதாக் கதிர், உப்புக் காற்று, மணல் ஆகியவையும் கண்ணாடியைக் கெடுக்கும். சூட்டை அளவு மீறிக் கூட்டினால், வெளியே ஒருபோதும் நேராத பழுது பெட்டிக்குள் நேரும். அதனால்தான் சில துண்டுகளை வெட்டவெளியிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

உங்கள் ஊர் வெப்பநிலையை 35-க்குப் பதிலாகப் போட்டு, விடை எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.