ஏட்டில் ஏறிய பிழை

கேள்வி: சிறுவயது முதல் முதல்வகை நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக் குறிப்பில் இரண்டாம் வகை என்று எழுதியிருக்கிறார்கள். திருத்தச் சொன்னால் யாரும் செவிசாய்ப்பதில்லை. விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: விட்டுவிடலாகாது. இரண்டாம் வகையினரில் பலருக்கு மாத்திரையே போதுமாகையால், தாங்கள் நினைவிழந்து கிடக்கும் சமயத்தில், அந்தக் குறிப்பை நம்பி ஒரு புதிய வைத்தியர் இன்சுலினை நிறுத்திவிட்டால், இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகிப் பிராணாபத்து நேரிடக்கூடும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைக் கொடுக்க வேண்டுமென்பது இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த ஒழுக்க விதி. ஆகவே முதலில் பிரதியைப் பெற்று, பிழையான வரியையும் தேதியையும் சுட்டி, நோயை நிர்ணயித்த வைத்தியரின் கடிதத்தையும் பரிசோதனை முடிவுகளையும் இணைத்து, ஆஸ்பத்திரியின் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வரியை அழிக்கக் கோர வேண்டாம். அது தெரியும்படியே குறுக்குக்கோடிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதியும் கையொப்பமும் இடுவதே முறை. திருத்தம் வரும்வரை, ‘முதல்வகை நீரிழிவு, இன்சுலினை நிறுத்தலாகாது’ என்று எழுதிய சீட்டொன்று எப்போதும் தங்கள் வசம் இருக்கட்டும். வியாதியைச் சுமப்பவர் பிறர் பிழையையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமென்ற நியதி எங்குமில்லை, தயங்காமல் கேளுங்கள்.