நாலு மணி அலாரமா, நடுராத்திரிப் படிப்பா?

பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் வீட்டில் தூக்கத்தை வைத்து இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒன்பதுக்குப் படுத்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி என்பது ஒன்று. ராத்திரி பன்னிரண்டு வரை படி, ஏழுக்கு எழுந்தால் போதும் என்பது மற்றொன்று. கூட்டிப் பார்த்தால் இரண்டுமே ஏழு மணி நேரம்தான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இரண்டில் மோசமானது நாலு மணி அலாரம் என்பேன். பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு தாமதமாகிறது. ஒன்பதுக்குப் பாயில் தள்ளினாலும் பத்தரை வரை பிள்ளை புரண்டுகொண்டு கிடக்கும். கையில் மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம். அதில் வெட்டுப்படுவது கனவுகள் அதிகம் வரும் கடைசிப் பகுதி. நடுராத்திரிப் படிப்புக்கும் வக்காலத்து வாங்கவில்லை. பதினொரு மணிக்கு மேல் புத்தகம் எது, போன் எது என்று யார் பார்த்தார்கள்?

நான் சொல்வது மூன்றாவது வழி: படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள். 'படு' என்று அதட்டலாம், 'தூங்கு' என்று அதட்டித் தூங்கவைக்க முடியாது. பஸ்ஸுக்கு ஏற்ப ஆறு மணி என்று வைத்தால், தினமும் ஆறுதான். ஞாயிற்றுக்கிழமை ஏழைத் தாண்டக் கூடாது. எழுந்ததும் வாசல் வெளிச்சத்துக்கு வரட்டும். பால் வாங்கப் போனாலும் சரி, கோலம் போட்டாலும் சரி, காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தை முன்னே இழுக்கும். படுக்கையைக் கால் மணி நேரம் கால் மணி நேரமாக முன்னுக்கு நகர்த்தி ஒன்பதே முக்காலில் நிறுத்தலாம். சாயங்காலம் ஐந்துக்கு மேல் டீ வேண்டாம்.

'நாங்கள் நாலு மணிக்கு எழுந்துதானே படித்தோம்' என்பார் தாத்தா. உண்மைதான், ஆனால் அன்று எட்டரைக்கே ஊர் அடங்கியது. இன்று நம் ஊர் எறையூரில் அது நடக்காது. சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு வண்டிகளுக்கு இரவு பகல் கிடையாது. சிப்காட் செருப்புத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஷிப்ட்டைப் பொறுத்துத்தான் சாப்பாடும் டிவியும். ஒற்றை அறை வீட்டில் எப்படி நேரத்துக்குப் படுப்பது என்பது நியாயமான கேள்வி. இரவு நம் கையில் இல்லாததால்தான் காலையைப் பிடிக்கச் சொல்கிறேன். ஒருநாள் பிந்திப் படுத்தாலும் ஆறுக்கே எழுந்தால், அடுத்த இரவு தூக்கம் தானாக முன்னதாக வரும்.

போனை அலாரத்துக்கென்று தலைமாட்டில் வைப்பது சாக்கு. சார்ஜரைச் சமையலறை பிளக்கில் மாட்டிவிட்டு ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடுங்கள். திரை வெளிச்சத்தை மட்டும் பழிப்பதும் சரியல்ல. மின்னூல் திரையில் படித்த பெரியவர்களிடம் 2015இல் வெளியான சிறிய ஆய்வில் மெலடோனின் சுமார் ஒன்றரை மணி நேரம் பிந்தியது, தூக்கம் பிந்தியதோ பத்து நிமிடம்தான். விழிக்கவைப்பது பெரும்பாலும் ரீல்ஸ்தான்.

'பரீட்சை நேரத்தில் எட்டு மணி நேரத் தூக்கமா?' என்பார்கள். படித்ததை மூளை பதித்துக்கொள்வதே தூக்கத்தில்தான். பள்ளி தொடங்கும் நேரமும் தூக்கத்தைத் தீர்மானிக்கும்: அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியபோது மாணவர்கள் தினம் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். இங்கே பள்ளி மணியை மாற்ற பெற்றோரால் ஆகாது. ஆனால் காலைச் சிறப்பு வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம்.