அக்கா காதில் முதலில் சுருதி விழட்டும்

கீரமங்கலம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் நீ கோபமாக இருந்தாய், அதனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அறந்தாங்கிக் கல்யாணத்தில் மூணாவது பாட்டிலேயே உன் பாட்டுக்கார அக்கா, தன் குரலைக் கேட்கக் காதுக்குள் மாட்டியிருந்த இன்-இயர் மானிட்டரைப் பிடுங்கிவிட்டார்கள், பழைய ஆளுக்குப் புதுசு எதுவும் ஏறாது என்றாய். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் நம் புதுக்கோட்டை. இங்கே பாடுகிறவர்கள் புதுசைக் கண்டு ஓடுகிறவர்கள் இல்லை. அக்கா கழற்றினார்கள் என்றால் அவர்கள் காதில் ஏதோ தப்பாக விழுந்திருக்கிறது.

நீ இன்-இயர் வாங்கியது நல்ல காரியம். முப்பது வருஷம் மைக்செட் போட்டு, பாக்ஸ் பக்கத்திலேயே நின்று எனக்கு வலது காது மந்தமாகிவிட்டது. ராத்திரி படுத்தால் சில்வண்டு கத்துகிற மாதிரி இரைச்சல் இப்போதும் உண்டு. மேடை மானிட்டரை ஏற்றினால் ஹவுலிங் வரும். இறக்கினால் ரிதம் பேடுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காது, கத்திப் பாடுவார். விடியும்போது தொண்டை கட்டிவிடும்.

ஒரு திருவிழாவில் தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் பாக்ஸ் கட்டினேன். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளியிருந்த பாக்ஸின் சத்தம் கால் நொடிக்கு மேல் பிந்தித்தான் மேடைக்குத் திரும்பி வந்தது. மானிட்டர் சரியாகக் கேட்காததால் பாடினவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார், தாளம் இழுத்தது. கூட்டம் அவரைத் திட்டியது. தப்பு என்னுடையது. அன்றைக்கு அவர் காதில் இன்-இயர் இருந்திருந்தால் அந்தக் கெட்ட பெயர் அவருக்கு வந்திருக்காது.

பாடுகிறவருக்குச் சுருதி பக்கத்திலேயே கேட்க வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியாததா? தம்புராவைப் பாடகரின் முதுகுக்குப் பின்னாலேயே வைத்தார்கள். நாயனத்துக்கு ஒத்து ஊதுகிறவர் விலகாமல் கூடவே நின்றார். நாட்டுப்புறப் பாட்டுக்காரர் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு பாடுவதை நீயே பார்த்திருக்கிறாய். அந்தக் கை செய்த வேலையைத்தான் இந்தக் கருவி செய்கிறது. அக்காவிடம் இப்படிச் சொல்லிப் பார். டெசிபல் கணக்கெல்லாம் அப்புறம்.

அவர்களுக்கு ஏன் பிடிக்காமல் போனது என்று உனக்கே தெரிய வேண்டுமா? ரெண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு ஒரு வரி பாடு. குரல் மண்டைக்குள் குடத்தில் பேசுவது மாதிரி முழங்கும். கூட்டம் காணாமல் போய்விடும். கல்யாணப் பந்தலில் முன் வரிசைக் குழந்தை கை தட்டுவதைக் கேட்டுக்கேட்டே பாடிப் பழகியவரை, சொல்லாமல் கொள்ளாமல் கிணற்றுக்குள் இறக்கிவிட்டாய். அதனால் மேடையின் முன்பக்கம் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வை. அதைப் பெரிய பாக்ஸுக்கு விடாதே, அக்கா காதுக்கு மட்டும் கொஞ்சமாக அனுப்பு.

முதலில் வீட்டில் ஒத்திகை பார். அக்கா குரலையும் கீபோர்டு சுருதியையும் மட்டும் கொடு. குரலில் ஒரு துளி ரிவர்ப் இருக்கட்டும். ரெண்டு பாட்டு போனபிறகு ரிதத்தை மெல்லச் சேர். மிக்ஸரில் அவர்கள் காதுக்குப் போகும் ஆக்ஸை ப்ரீ-ஃபேடரில் வை, இல்லாவிட்டால் நீ வெளியே ஃபேடரை நகர்த்தும்போதெல்லாம் அவர்கள் காதிலும் குரல் ஏறி இறங்கும். வால்யூம் திருகு அவர்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். தன் கையால் கூட்டிக் குறைக்க முடிகிற சத்தத்தைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள்.

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்பார்கள். விடாதே. திறந்த காதில் மேடைச் சத்தம் நுழையும், அதை மீற இந்தக் காதில் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார்கள். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது, 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நம் ஒரு கச்சேரியிலேயே அது தீர்ந்துபோகும். லிமிட்டர் இல்லாமல் யார் காதிலும் மாட்டாதே. மைக் கீழே விழுந்தால் அந்த அடி நேராகச் செவிப்பறைக்குப் போகும். ப்ளூடூத்தும் வேண்டாம், குரல் பிந்தி வரும். வயர் போதும், அக்கா ஒரே இடத்தில் நின்றுதான் பாடுகிறார்கள்.

ஒருவர் காதில் இருந்ததைத் துடைக்காமல் இன்னொருவர் காதில் வைக்காதே. ஆளுக்கொரு ஸ்பாஞ்ச் முனை வாங்கு, சின்ன டப்பாவில் பெயர் எழுதி வை. அக்காவுக்குக் காது ஓட்டை சிறிதாக இருந்தால் சின்ன முனை வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் கனமான ஒலியெல்லாம் கசிந்துபோய்க் குரல் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும். அறந்தாங்கியில் அதுவும் நடந்திருக்கலாம்.

பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழாவில் முதல்முதலாகப் போட்டுப் பார்க்க நினைக்காதே. அதற்கு முன்னால் ரெண்டு மூணு காதணி விழா வரும், அங்கே பழகட்டும். பழைய மானிட்டரையும் அவர்கள் காலடியிலேயே வை. வேண்டாம் என்று அவர்களே சொல்லும் நாளில் எடுத்தால் போதும்.

புதன்கிழமை ஆலங்குடிக்கு வருகிறேன். அக்காவையும் வரச்சொல். முதலில் நீ அவர்களிடம் மன்னிப்புக் கேள், பிறகு மிக்ஸரைத் திறப்போம்.

அன்புடன்,
மாமா