ரேடியோ எடுக்கவில்லையா? ஜெயிலைக் குறை சொல்லாதீர்கள்

புனேயின் ஏரவாடாவில் கார் வைத்திருக்கும் யாரிடமாவது ரேடியோ சரியாக எடுக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். "பக்கத்துல ஜெயில் இருக்கே, ஜாமர் போட்டிருப்பாங்க" என்பார். அடுத்தவர் லோகேகாவ் விமான நிலையத்தைக் கை காட்டுவார். என் காரில் ஆண்ட்ராய்டு செட் மாட்டிக் கொடுத்த கடைக்காரரும் இதைத்தான் சொன்னார். அந்தப் பேச்சை வைத்தே என்னிடம் இரண்டு முறை கூடுதலாகப் பணம் வாங்கினார். உங்களுக்கும் அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்த இரண்டு பழிகளையும் பார்த்துவிடுவோம். நம் எஃப்.எம். நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒலிபரப்புகின்றன. செல்போன் ஜாமர் முடக்குவது செல்போன் அலைகளை. அவை 700 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. விமானிகள் கோபுரத்தோடு பேசும் அலைவரிசைகள் 118 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது, "சாப், இந்த ஏரியாவில் எல்லா காருக்கும் இதே கம்ப்ளெயின்ட்தான்" என்றார். வாதம் செய்வதைவிடச் சோதனை மேல். ஒரு பாக்கெட் ரேடியோவை என் காரின் கூரைமேல் வைத்து 101-க்குத் திருப்பினேன். புனே விவித் பாரதி கணீரென்று பாடியது. அதே இடத்தில், அதே நேரத்தில், காருக்குள் இருந்த புது செட்டில் கரகரப்பு மட்டும்தான். அப்படியானால் கோளாறு காற்றில் இல்லை, காருக்குள்தான்.

நீங்களும் என்னைப் போலத்தான் செய்திருப்பீர்கள்: கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய திரை, ரிவர்ஸ் கேமரா, வரைபடம் எல்லாம் உள்ள ஆண்ட்ராய்டு செட்டை மாட்டியிருப்பீர்கள். மாற்றியதில் தவறே இல்லை. கேமரா இல்லாமல் ஏரவாடாவின் சந்துகளில் வண்டியைப் பின்னால் எடுப்பது லேசான காரியமல்ல. தவறு, மாட்டிய கையில்.

கூரைமேல் இருக்கும் அந்தக் குட்டை ஆண்டெனாவைப் பாருங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். அதை ஒழுங்காகப் பிடிக்க அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். பழைய கார்களில் இழுத்து நீட்டும் நீளக் கம்பி இருந்தது அதனால்தான். இப்போதைய குட்டைக் கம்பியும் ஷார்க் ஃபின் ஆண்டெனாவும் அந்த நீளத்துக்குப் பக்கத்திலேயே வராது. அந்தக் குறையை ஈடுகட்ட ஆண்டெனாவின் அடியில் ஒரு சின்ன பூஸ்டர் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்ய 12 வோல்ட் வேண்டும். அந்த மின்சாரம் செட்டிலிருந்துதான் போக வேண்டும், பெரும்பாலும் ஒரு நீல வயர் வழியாக.

என் காரில் நடந்தது இதுதான். டாஷ்போர்டின் பிளாஸ்டிக் சட்டத்தை நானே கழற்றி செட்டை வெளியே இழுத்தேன். வயர்க் கட்டுக்குள் அந்த நீல வயர் இருந்தது. முனையில் கறுப்பு டேப்பைச் சுற்றி, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். காரின் பக்கமிருந்து வரும் ஆண்டெனா பவர் வயர் இன்னொரு மூலையில் அநாதையாகத் தொங்கியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். செட் ஓடும்போது நீல வயரில் 12 வோல்ட் இருந்தது. பூஸ்டருக்குப் போகும் வயரில் சுழியம். இரண்டையும் இணைத்த மறுகணம் 101 தெளிந்தது. புனே பல்கலைக்கழகத்தின் வித்யாவாணி 107.4-ம் வந்தது. அதுவரை என் காரில் அதன் குரலே கேட்டதில்லை.

மின்சாரம் போகாத பூஸ்டர் சும்மா இருப்பதில்லை என்பதை மனதில் வையுங்கள். ஆண்டெனா பிடிக்கும் கொஞ்ச சிக்னலையும் அது அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் வலுவான நிலையம் மட்டும் இரைச்சலோடு வரும், மற்றவை காணாமல் போகும். இந்த அறிகுறி இருந்தால் வேறு எதையும் வாங்காதீர்கள். என் தலையில் முதலில் ஒரு ஷார்க் ஃபின் கட்டினார்கள். பிறகு கேபிளின் நடுவில் செருகும் இன்னொரு பூஸ்டர். அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கியது. இரண்டுக்கும் காரணமாகச் சொன்னது ஜெயில் ஜாமர்தான். ஒரு வயரை இணைக்காமல் விட்டதை மறைக்க ஓர் ஊரையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்.

வயர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். நிறத்தை நம்பாதீர்கள், செட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 'ஆண்ட் கன்ட்' என்று போட்டிருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. 'ஆம்ப் கன்ட்' என்பது ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்கு. அடுத்து, புனே அருகே சாக்கனில் தயாராகும் போக்ஸ்வேகன் போன்ற கார்களில் தனி நீல வயர் இல்லாமல், ஆண்டெனா கேபிள் வழியாகவே மின்சாரம் மேலே ஏறும். அவற்றுக்கு மின்சாரத்தைக் கேபிளுக்குள் செலுத்தும் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். செட் மாட்டும்போதே கேட்டு வாங்குங்கள்.

மற்ற சோதனைகள் சில நிமிட வேலை. ரேடியோ பாடும்போது பின்னாலுள்ள ஆண்டெனா பிளக்கை உருவுங்கள். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஆண்டெனாவோ கேபிளோ வேலையே செய்யவில்லை. டேஷ்கேமையும் யு.எஸ்.பி. சார்ஜரையும் கழற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் இரைச்சலைக் கிளப்பும். ஆண்டெனா கம்பியைக் கையால் இறுக்குங்கள். புனே மழைக்குப் பிறகு அடியில் துரு ஏறியிருந்தால் சுரண்டி, கார் பாடியோடு எர்த் சேர்கிறதா என்று பாருங்கள். செட்டிங்கில் 'லோக்' என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். அது தூர நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். பகுதி என்ற இடத்தில் அமெரிக்கா இருந்தால் மாற்றுங்கள். அங்கே மீடியம் வேவ் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நகரும், நமக்கு 9. ஆகாசவாணி புனே 792 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. அமெரிக்க அமைப்பில் 790-க்கு அடுத்து 800-தான் வரும். இலங்கையில் ஜப்பானிய ரீகண்டிஷன் கார் வாங்கியவர்களுக்குச் சிக்கல் வேறு: ஜப்பானின் எஃப்.எம். 76-இல் தொடங்கி 108-க்கு வெகு முன்பே முடிந்துவிடுவதால் பேண்ட் எக்ஸ்பாண்டர் இல்லாமல் உள்ளூர் நிலையங்கள் பலவற்றைக் கேட்க முடியாது.

"ரேடியோவுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா அத்தான்? போன்ல கேட்டா போதாதா?" என்று பெங்களூரில் இருக்கும் மைத்துனன் கேட்டான். வத்தலக்குண்டில் கோடை பண்பலை 100.5 கேட்டு வளர்ந்தவனிடம் கேட்கும் கேள்வியா இது? கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து ஒலிபரப்பானதால் எஃப்.எம். அலை எத்தனை மாவட்டங்களைத் தொட்டது என்று பார்த்தவர்கள் நாங்கள். ஊருக்குப் போகும்போது சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி எனக் கடந்து கிருஷ்ணகிரியை நெருங்கும்போது தர்மபுரி பண்பலை 102.5-இல் தமிழ் கேட்கிறதே, அதற்கு டேட்டா வேண்டாம், டவர் வேண்டாம், யாரிடமும் கணக்குத் திறக்க வேண்டாம்.

ஜெயில்மேல் பழி போடுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் காங்கிரஸ் தலைவர்கள் பெரும்பாலோர் கைதான பிறகு, பம்பாயில் ரகசியமாக காங்கிரஸ் வானொலியை நடத்தியவர் உஷா மேத்தா. போலீஸ் கண்டுபிடிக்காமல் இருக்க ஒலிபரப்பும் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பிடிபட்ட அவருக்கு நான்கு ஆண்டு சிறை. 1946-இல் விடுதலையாகும் வரை அவர் இருந்தது இதே ஏரவாடா சிறையில்தான். ஒரு குரல் காற்றில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இருபத்திரண்டு வயதுப் பெண் சிறையிருந்த ஊர் இது. இங்கே இருந்துகொண்டு "ரேடியோவா, அது கிடக்கட்டும்" என்று என்னால் விட முடியாது.

அடுத்த முறை செட் மாற்றும்போது ஒன்று செய்யுங்கள். பழைய செட்டைக் கழற்றுவதற்கு முன் கடைக்காரர் எதிரிலேயே 101-ஐப் போட்டுக் காட்டுங்கள். புதியது மாட்டிய பிறகு அதே இடத்தில் அதே நிலையம் அதே தெளிவோடு வந்தால் மட்டும் பணம் கொடுங்கள். வரவில்லையென்றால், ஆண்டெனா பவர் வயரை எங்கே இணைத்தார் என்று காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டும்வரை கடையை விட்டு நகராதீர்கள்.