கண்ணில் நீலம் பாய்ந்தால் கையை எடுத்துவிடுங்கள்

பாம்பு சட்டை உரிக்கப் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதன் வயிறு. வெளேரென்று இருந்த அடிப்பக்கம் லேசாகச் சிவக்கும். இரண்டொரு நாளில் முதுகின் மினுமினுப்பு போய் நிறம் மங்கும். அதன்பிறகு கண். கறுகறுவென்று இருந்த கண்ணின் மேல் நீலமும் வெண்மையும் கலந்த படலம் ஒன்று பாய்ந்துவிடும். முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்கள் பதறிப்போவது இந்த இடத்தில்தான். பார்வை போய்விட்டதோ என்று கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அந்த நாட்களில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவியே அதைத் தொடாமல் இருப்பது.

டொராண்டோவில் எங்கள் வீட்டில் வளர்வது பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. நஞ்சு கிடையாது. பயந்தால் தலையை உள்ளே பொத்திக்கொண்டு பந்தாகிவிடும். முழுதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து அடிதான். மகன் ஆசைப்பட்டு வாங்கி, சுருளி என்று பெயர் வைத்தான். இருபது, முப்பது வருடம் இருக்கக்கூடிய உயிர். நாளைக்கு அவன் படிக்க வெளியூர் போனாலும் பார்த்துக்கொள்ளப் போவது நான்தான் என்று தெரிந்தே சம்மதித்தேன்.

கண் ஏன் நீலமாகிறது? பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் முழுதாக உருவானபின், இரண்டையும் பிரிப்பதற்காக நடுவில் ஒரு திரவம் சுரக்கிறது. பாம்புக்கு இமை கிடையாது; கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில். அதுவும் சட்டையோடு சேர்ந்து கழன்று வர வேண்டும் என்பதால் அதன் அடியிலும் அந்தத் திரவம் சேர்கிறது. சில நாட்களில் திரவம் வற்றி, கண் மறுபடியும் தெளிந்துவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று பலர் நினைத்துக்கொள்வது அப்போதுதான். உண்மையில் சட்டை இனிமேல்தான் கழலப் போகிறது. வயிறு சிவந்ததிலிருந்து சட்டை கழலும்வரை ஒன்றிரண்டு வாரம் ஆகும். குட்டிகள் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்தவை வருடத்துக்குச் சில தடவைதான்.

கண் மங்கியிருக்கும்போது சாதுவான பாம்பும் சீறும். சரியாகப் பார்வை தெரியாத நேரத்தில் மேலிருந்து ஒரு கை வந்தால் அது வேறென்ன செய்யும்? இரையும் வேண்டாம். பெரும்பாலான பாம்புகள் அப்போது தின்னாது. உறையவைத்த எலியை இளக்கிக் கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் வயிறு சிவந்ததுமே நிறுத்திவிடுவோம். சட்டை கழன்று ஒரு நாள் போனால் அதுவே பசியோடு வெளியே வரும்.

தொடக் கூடாது என்றால் செய்ய வேண்டியது என்ன? ஈரப்பதம். சட்டை ஒழுங்காக உரிவதும் துண்டு துண்டாகக் கிழிவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான். ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு பகலெல்லாம் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கிடக்கும். வெளியே மண் காய்ந்து வெடித்திருந்தாலும் பொந்துக்குள் ஈரம் இருக்கும். டொராண்டோவில் ஜனவரி மாதத்தில் வெளியே உறைபனி, உள்ளே இரவும் பகலும் ஹீட்டர். நம் உதடே வெடிக்கிற காற்று அது. கடையில் தொட்டியோடு ஒட்டிக் கொடுத்த முள் வைத்த ஈரப்பதமானி நல்ல அளவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டிஜிட்டல் மானியை வைத்ததும் 38% என்றது. முள் வைத்ததை அன்றைக்கே கழற்றிவிட்டேன். பால் பைத்தானுக்குச் சாதாரண நாட்களில் 55 முதல் 60%, உரிக்கும் நாட்களில் 70% வரை தேவை.

இதற்காகப் பகல் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அப்படிப் பீய்ச்சினால் மேல்மண் நனைந்து வயிற்றுச் செதில் அழுகும். காற்றோட்டமும் இல்லையென்றால் நுரையீரலில் தொற்று வரும். தென்னை நார்த்தூளை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, மூலைகளில் மட்டும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அடியில் ஈரம் நிற்கும், மேலே காய்ந்திருக்கும். மேல்மூடியின் கம்பிவலையில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள். மீதி திறந்தே இருக்கட்டும். சூட்டையும் மறக்கக் கூடாது: ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25, 26. ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருநாளும் போடாதீர்கள். பாம்பின் வயிறு வெந்துவிடும்.

இன்னொன்று, ஈரப் பொந்து. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பின் உடம்பைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு ஓட்டை போட்டு, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்தேன். உள்ளே ஸ்பாக்னம் பாசி. அதை ஊறவைத்துக் கைப்பிடியில் வைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்துவிட வேண்டும். வயிறு சிவந்ததுமே இதைச் சூடான பக்கத்தில் வைத்துவிடுவேன். சுருளி அதற்குள் போய் மூக்கை மட்டும் ஓட்டையில் வைத்துக்கொண்டு நாள்கணக்காகக் கிடக்கும். வேலை முடிந்ததும் பாசியை எறிந்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

உரிக்கும் நேரம் பெரும்பாலும் ராத்திரிதான். முதலில் மூக்கையும் உதட்டையும் கல்லிலோ கட்டையிலோ தேய்க்கும். உதட்டோரம் சட்டை பிரிந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மடங்கும். அந்த விளிம்பை ஏதாவது ஒரு சொரசொரப்பில் மாட்டிவிட்டுப் பாம்பு முன்னால் ஊர்ந்துகொண்டே போகும். காலுறையைக் கழற்றுகிற மாதிரி சட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திரும்பி வரும். ஆகவே தொட்டியில் ஒரு மரக்கட்டையோ சொரசொரப்பான கல்லோ கட்டாயம் இருக்க வேண்டும். பாதி உரிந்திருக்கும்போது உதவுகிறேன் என்று இழுக்காதீர்கள். அடியில் புதுத்தோல் தயாராகாத இடத்தில் இழுத்தால் அதுவும் கிழியும்.

கழன்ற சட்டையைக் காய்வதற்குள் எடுத்து விரித்துப் பாருங்கள். இழுபட்டிருப்பதால் பாம்பைவிட நீளமாக இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டே இடம். தலைப்பகுதியில் கண்ணை மூடியிருந்த செதில்கள், அதாவது இரண்டு கண் மூடிகளும் வட்டமாக, தெளிவாக இருக்கின்றனவா? வால் நுனி கூராக முடிகிறதா, அறுந்திருக்கிறதா? வால் நுனியில் பழைய தோல் வளையமாகத் தங்கி, அடுத்தடுத்த முறையும் அதன்மேல் சேர்ந்தால் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நுனி கறுத்து உதிர்ந்துவிடும்.

முதல் குளிர்காலத்தில் சுருளிக்கு வால் பக்கம் சில பட்டைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. காற்றுத் துளை போட்ட டப்பாவில் 28, 30 டிகிரி வெதுவெதுப்பில் தண்ணீர், பாம்பின் பாதி உடம்பு மறையும் அளவுக்கு. அதில் இருபது நிமிடம். பக்கத்திலேயே இருக்க வேண்டும், போன் வந்தாலும் எழுந்து போகக் கூடாது. பிறகு ஈரத்துண்டைத் தளர்வாகப் பிடித்து அதனூடாக ஊர்ந்துபோக விட்டோம். துண்டின் சொரசொரப்பிலேயே தோல் வந்துவிட்டது. வராவிட்டால் மறுநாள் இன்னொரு தடவை. நகத்தால் சுரண்டுவது, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும்.

கண் மூடி ஒட்டிக்கொண்டால் மட்டும் நீங்கள் எதுவும் செய்யாதீர்கள். சாமணம், டேப், பஞ்சு என்று பலர் பல வழி சொல்வார்கள். இழுக்கும்போது புது மூடியும் சேர்ந்து வந்தால் கண்ணே போய்விடும். ஈரத்தைக் கூட்டிவைத்தால் பெரும்பாலும் அடுத்த சட்டையோடு வந்துவிடும். அப்போதும் வராவிட்டாலோ, ஈரம் சரியாக இருந்தும் சட்டை தொடர்ந்து துண்டுதுண்டாக வந்தாலோ, கண்ணைச் சுற்றிக் குண்டூசி முனையளவு கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். நகரும் புள்ளிகள் உண்ணிகள்.

ஊரிலிருந்து பேசுகிற தம்பி மகன் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். அவனுக்கு நான் சொன்னது: சாரை, நல்ல பாம்பு, நம் ஊர் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு இந்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற, சைட்ஸ் என்னும் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரென்றாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். காகிதம் இல்லாமல் யாராவது விற்றால் வாங்காதே.

எந்த ஊரில் இருந்தாலும், பாம்பை வாங்குவதற்கு முன்னால் அங்கே ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து வையுங்கள். நாய், பூனை பார்க்கும் பல மருத்துவமனைகள் பாம்பை எடுத்துக்கொள்வதில்லை. அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், பாம்பு வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுங்கள்.